கார் எஞ்சின் பகுதியைச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த வாட்டர் வாஷ் கடைக்குப் போனாலும் வண்டிகள் வரிசையில் நிற்கும். பானட்டைத் திறந்துவைத்து, பிரஷர் கன்னை எடுத்து எஞ்சின் மேல் நேராக அடித்து, கடைசியில் மினுமினுப்புக்கு ஏதோ ஒரு ஸ்பிரேயையும் தெளித்துக் கொடுத்துவிடுவார்கள். பாதி வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாது, மீதியில் சிலது மறுநாள் காலையில் குலுங்கிக்கொண்டே கிளம்பும். இதை வீட்டு வாசலிலேயே, ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் செலவில்லாமல் ஒழுங்காகச் செய்யலாம். கீழே சொல்லியிருப்பது பெட்ரோல், டீசல் கார்களுக்கு. சிஎன்ஜி, ஹைபிரிட், மின்சாரக் கார்கள் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எஞ்சினை எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும்? யார் பார்க்கப் போகிறார்கள்?

நீங்கள்தான் பார்க்க வேண்டும், அதற்காகத்தான். தூசி படிந்த எஞ்சினும் ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எஞ்சின் முழுக்கக் கறுப்பாக ஆயிலும் புழுதியும் அப்பிக்கிடந்தால் புதிதாக ஓர் ஒழுகல் ஆரம்பித்தாலும் கண்ணில் படாது. எஞ்சினின் தலையில் இருக்கும் மூடியை, அதாவது ஹெட் கவரைப் பாருங்கள். அதன் விளிம்பில் உள்ள பேக்கிங் வயதாகி இறுகிப்போனால் ஆயில் மெதுவாகக் கசிந்து இறங்கும், அது போய் சைலன்சர் மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயில் விழுந்தால் சிக்னலில் நிற்கும்போது ஆயில் கருகும் வாடை வரும். சுத்தமான எஞ்சினில் இந்தக் கசிவு ஈரமான ஒரு கோடாக உடனே தெரியும், அழுக்கு எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்வரை தெரியாது. கூலன்ட் கசிவும் அப்படித்தான், ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். எலி கடித்த ஒயர், தளர்ந்த கிளாம்ப், வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ் எல்லாம் துடைக்கும் கையில்தான் அகப்படும்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது?

ஈரத்துணியால் மேலாகத் துடைப்பதை மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம், அதிக நேரம் ஆகாது. தண்ணீர் தெளித்துச் செய்யும் வேலை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும், மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒருமுறை செய்தால் மிக நல்லது. கடலோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் அடிக்கடி பார்க்க வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கமோ கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியோ வண்டி நிற்கிறதென்றால் உப்புக்காற்று போல்ட்டுகளையும் பாடியோடு இணைந்திருக்கும் எர்த் ஒயர் முனைகளையும் சீக்கிரம் அரித்துவிடும்.

கேள்வி: எஞ்சினில் தண்ணீர் பட்டாலே கெட்டுவிடும் என்கிறார்களே?

மழையில் ஓட்டும்போது கீழிருந்து தண்ணீர் வாரி அடிக்கத்தானே செய்கிறது, அதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஒயர் கனெக்டர்களுக்குள் சின்ன ரப்பர் சீல் இருக்கும், சாதாரணமாகத் தெறிக்கும் தண்ணீரை அது உள்ளே விடாது. ஆபத்து பிரஷர் வாஷரில்தான் இருக்கிறது. அந்த வேகம் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும், தள்ளிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். வண்டி மாதக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு, அதற்கப்புறம் திடீரென்று செக் எஞ்சின் விளக்கு எரியும்போது, என்றைக்கோ செய்த வாட்டர் வாஷை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்ஸருக்கும் முன்னால் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் அந்த வேகத்தில் மடங்கிவிடும், காற்றுப் போக வழியடைந்துவிடும். அதனால் எஞ்சினுக்கு பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். செடிக்குத் தெளிக்கும் பம்ப் ஸ்பிரேயர் போதும்.

கேள்வி: வண்டியை நிறுத்தியவுடனே ஆரம்பிக்கலாமா?

கூடாது. நன்றாகச் சூடாக இருக்கும் மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விடலாம், கையும் சுடும், கெமிக்கலும் கழுவுவதற்கு முன்பே காய்ந்து கறையாகிவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் வைத்துச் செய்வதுதான் சரி. எஞ்சினைத் தொட்டால் லேசான வெதுவெதுப்பு இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது.

கேள்வி: என்னென்ன சாமான் வேண்டும்?

பழைய டூத் பிரஷ் இரண்டு, பெயின்ட் அடிக்கும் பிரஷ் ஒன்று (அதன் தகரப் பட்டையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், பேட்டரியில் இடித்தாலும் ஷார்ட் ஆகாது, பெயின்ட்டிலும் கீறாது), தண்ணீர்க் கலவையிலான டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம்) அல்லது ஆல் பர்பஸ் கிளீனர், பம்ப் ஸ்பிரேயர், மைக்ரோஃபைபர் துணி, கை உறை, டார்ச், பிளாஸ்டிக் பைகளும் ரப்பர் பேண்டும். ஆயில் அப்பிய இடத்துக்கு மைக்ரோஃபைபரை வீணாக்காதீர்கள், பனியன் வேஸ்ட் ஒரு கிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கும் துணிதான் அது. ஆயிலை நன்றாக உறிஞ்சும், துடைத்ததும் தூக்கிப் போட்டுவிடலாம்.

கேள்வி: எதையெல்லாம் மூட வேண்டும்? பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

பேட்டரியை வெளியே எடுக்க வேண்டியதில்லை, மைனஸ் டெர்மினலை மட்டும் கழற்றி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். இரண்டையும் கழற்றுவதென்றால் முதலில் மைனஸ், திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. ஏனென்றால் மைனஸ் பாடியோடு இணைந்திருக்கிறது. அது மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் தெரியாமல் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறியே பறக்கும். பேட்டரி கழற்றினால் கடிகாரம், ரேடியோ செட்டிங் அழிந்துபோகும், சில வண்டிகளில் பவர் விண்டோவின் ஆட்டோ வசதியை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்.

மூட வேண்டியவை ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்), ஃபியூஸ் பாக்ஸ், இசியூ பெட்டி (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), காற்று உறிஞ்சும் குழாயின் வாய், அப்புறம் பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஸ்பார்க் பிளக் மேல் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயில்கள். ஏர் ஹாரன், எக்ஸ்ட்ரா லைட் என்று வெளியில் போட்ட ரிலே எதுவும் இருந்தால் அதையும் மறக்காதீர்கள், கம்பெனி ஒயரிங் தாங்குகிற ஈரத்தை இவை தாங்காது. ஆயில் ஊற்றும் மூடி, டிப்ஸ்டிக், பிரேக் ஆயில் மூடி எல்லாம் இறுகியிருக்கிறதா என்று கையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: சரி, வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் காய்ந்த வேலை. இலை, குச்சி, புழுதி இவற்றைக் கையாலும் பிரஷாலும் எடுத்துவிடுங்கள். ப்ளோயர் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் எலி நடமாட்டம் இருந்தால் ப்ளோயரை எடுக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. ஆயில் தடித்துக் கிடக்கும் இடங்களில் பனியன் வேஸ்ட்டாலேயே முடிந்த அளவு வழித்துவிடுங்கள். இங்கேயே பாதி வேலை முடிந்துவிடும், கழுவும் தண்ணீரில் ஆயிலும் குறையும். ஆயில் கலந்த தண்ணீர் தெருவில் ஓடி மழைநீர்க் கால்வாயில் சேர்வது நல்லதில்லை, அதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் கெமிக்கல். பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்க வேண்டும்; சாதாரணப் புழுதிக்கு ஒன்றுக்குப் பத்து தண்ணீர் போதும், ஆயில் படிந்த இடத்துக்குக் கொஞ்சம் திக்காக. மொத்தமாகத் தெளிக்காமல் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, தெளித்து, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போக வேண்டும். பானட்டின் உள்பக்கத்தை முதலில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து சொட்டும் அழுக்கு நீங்கள் துடைத்து வைத்த இடத்திலேயே விழும். பானட்டில் ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் பஞ்சு மெத்தையை நனைக்காமல் லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

ஸ்டிக்கர்களையும் எண் தகடுகளையும் தேய்க்காதீர்கள். சேசிஸ் நம்பர் வெட்டியிருக்கும் இடத்தில் கம்பி பிரஷோ உப்புத்தாளோ படவே கூடாது. வண்டியைக் கைமாற்றும்போது பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்து அதை அச்சு எடுப்பார்கள், எழுத்து மழுங்கியிருந்தால் ஆர்டிஓ ஆபீஸில் அலைச்சல்தான்.

கடைசியாகத் தெளிவான தண்ணீரை லேசாகத் தெளித்து, உடனே துடைத்து, மூடிய பைகளை எடுத்துவிட்டு, பானட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரமாவது விடுங்கள். பேட்டரி மைனஸை மாட்டி ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் மிச்ச ஈரத்தை அந்தச் சூடே காயவைத்துவிடும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் உள்ளே துணி எதுவும் மறந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேனிஃபோல்டுக்குப் பின்னால் விழுந்த ஒரு துணி வண்டியையே எரித்துவிடும். இதில் அலட்சியம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் மெக்கானிக் டீசலோ மண்ணெண்ணெயோ அடித்துத்தான் கழுவுவார். நன்றாகத்தானே போகிறது?

கிரீஸ் போகும், உண்மை. கூடவே ரப்பரும் போகும். ரேடியேட்டர் ஹோஸ், எஞ்சின் பெல்ட் பெரும்பாலும் இபிடிஎம் என்ற வகை ரப்பரில் செய்கிறார்கள், அது சூட்டையும் கூலன்ட்டையும் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, ஊதி மெத்தென்று ஆகிவிடும். எஞ்சின் மவுண்டிங், புஷ் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பகைதான். மேலும் டீசல் முழுசாகக் காயாமல் ஒரு படலமாக நிற்கும், அடுத்த வாரமே இரண்டு மடங்கு புழுதி அதில் ஒட்டும். பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பேட்டரியில் ஒரு பொறி போதும். லாரிக்கும் டிராக்டருக்கும் காலகாலமாகச் செய்துவந்த பழக்கம் இது, இப்போதுள்ள கார்களுக்கு வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் லிக்விட் போடலாமா?

பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு போட்ட தண்ணீர் லேசான அழுக்குக்குப் பரவாயில்லை, ஆனால் நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும். துணிப் பவுடரில் சோடா காரம் இருக்கிறது, எஞ்சினில் பாதி அலுமினியம், வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். டாய்லெட் கழுவும் ஆசிட்டைச் சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழுகிறதே?

உப்புத் தண்ணீரில் அப்படித்தான் ஆகும். கடைசியாகத் தெளிக்க மட்டும் வீட்டு ஏசியின் அவுட்லெட் பைப்பில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள். அது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய தண்ணீர் என்பதால் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆர்ஓ மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வண்டி கழுவுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். குழாயில் வருவதைவிட உப்பு அதிகமான தண்ணீர் அது, எஞ்சினுக்கு ஆகாது.

கேள்வி: பேட்டரி டெர்மினலில் உப்பு பூத்திருக்கிறது, என்ன செய்வது?

வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும், அமில ஆவி உலோகத்தோடு சேர்ந்து உண்டாவது. கையால் தொடாதீர்கள், கண்ணில் படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து டூத் பிரஷால் தடவினால் நுரைத்துப் பொங்கும். பொங்குவது அடங்கும்வரை தடவி, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, இறுக்கமாக மாட்டி, அதன் மேல் வாசலைன் பூசிவிடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் மூடியுள்ள பேட்டரியாக இருந்தால் சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கக்கூடாது. அடிக்கடி பூத்துக்கொண்டே இருந்தால் பேட்டரியையும் சார்ஜிங் வோல்டேஜையும் செக் செய்யச் சொல்லுங்கள்.

அப்படியே பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். பேட்டரி மாற்றும் கடையில் அவசரத்தில் கிளாம்பை மாட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது கட்டுக்கம்பியால் கட்டியிருப்பார்கள். குழியில் இறங்கி ஏறும்போது பேட்டரி துள்ளி பிளஸ் முனை தகரத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசியில் பளபளப்புக்கு ஸ்பிரே அடிக்கலாமா?

எனக்கு அதில் அவ்வளவாக விருப்பமில்லை. வேண்டுமென்றால் தண்ணீர்க் கலவையிலான பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங்கைத் துணியில் எடுத்து, பிளாஸ்டிக் கவர்களிலும் ஹோஸ்களிலும் தடவுங்கள். எஞ்சின் மேல் நேராக ஸ்பிரே செய்தால் அது பெல்ட்டில் படும், பெல்ட் வழுக்கும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தும். எண்ணெய்ப் பசையான மலிவு ஸ்பிரேக்கள் புழுதியை இழுத்துப் பிடித்துவைக்கும்.

கேள்வி: கழுவிய பிறகு வண்டி குலுங்குகிறது, செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. என்ன செய்ய?

பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடும். அப்படியே நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் காயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குழியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி, காயிலின் ரப்பரையும் துடைத்துக் காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் முறை. கனெக்டர்களுக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே நல்லது, சீக்கிரம் ஆவியாகிவிடும்.

கேள்வி: எஞ்சினுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது!

மழைக்காலத்தில் இது சகஜம். இங்கேதான் ப்ளோயர் வேண்டாம் என்று சொன்னேன். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும், காய்ந்த கழிவை ஊதிப் பறக்கவிட்டு மூச்சில் இழுத்துக்கொள்ளக் கூடாது. கை உறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, கிருமிநாசினி கலந்த தண்ணீரைக் கூட்டின் மேல் தெளித்து, சில நிமிடம் கழித்துப் பையில் அள்ளிக் கட்டிப் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். பிறகு ஒயர்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பாருங்கள், செம்பு தெரியும்படி கடித்திருந்தால் டேப் சுற்றி ஓட்டாமல் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் வைப்பர் அருகில் ஏசிக்குக் காற்றுப் போகும் வழியையும் திறந்து பாருங்கள், எலிக்கு ரொம்பப் பிடித்த இடங்கள் அவை.

திரும்ப வராமல் தடுக்கப் புகையிலை, ஸ்பிரே என்று பலர் பலது சொல்வார்கள், கொஞ்ச நாள் கேட்கும், அப்புறம் எலி பழகிவிடும். பாச்சை உருண்டையின் வாடை ஏசி வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலி கொடுக்கும். வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குப்பையும் சோறும் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும், வண்டியை நாள்கணக்கில் அசையாமல் விடாததும்தான் நான் நம்புகிற வழி. பூனை இருக்கிற தெருவாக இருந்தால் காலையில் பானட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், கதகதப்புக்காக ராத்திரியில் உள்ளே ஏறிப் படுத்திருக்கும்.

கேள்வி: வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டில் இலை சேர்கிறது. பிரச்சினையா?

நிச்சயமாக. வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்துகிறவர்கள் இதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தத் தட்டின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் இறங்கும் ஓட்டை இருக்கும். இலை மக்கி அதை அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் ஏசி ப்ளோயர் வழியாகக் காருக்குள் இறங்கி கால்மிதி நனையும், ஏசி போட்டால் ஊறிய வாடை வரும்.

கேள்வி: ஒயர்கள் தாறுமாறாகத் தொங்குகின்றன, நானே கட்டிவிடலாமா?

கட்டலாம். சூடான பாகங்களிலிருந்தும் சுழலும் பெல்ட், ஃபேனிலிருந்தும் விலக்கி, வரிவரியாக இருக்கும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, கேபிள் டையால் கம்பெனி ஒயரோடு சேர்த்துக் கட்டுங்கள். எஞ்சின் ஆடும்போது இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விடவேண்டும். பேட்டரியிலிருந்து நேராக ஹாரனுக்கோ லைட்டுக்கோ போகும் ஒயரில் ஃபியூஸ் இல்லையென்றால் கழுவுவதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொண்டு அதை முதலில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: சிஎன்ஜி, ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கும் இதே முறைதானா?

இல்லை. சிஎன்ஜி, எல்பிஜி வண்டியில் ரெகுலேட்டர், கேஸ் பைப் பக்கம் கெமிக்கலும் தண்ணீரும் வேண்டாம், காய்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கேஸ் வாடை லேசாக வந்தாலும் எதையும் தொடாமல் சர்வீஸுக்குச் சொல்லுங்கள். ஹைபிரிட்டிலும் மின்சாரக் காரிலும் ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம், அதைத் தொடுவதோ நனைப்பதோ கூடாது. சற்றே ஈரமான துணியால் மேல் கவர்களைத் துடைப்பதே போதும்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய காரை நானே கழுவிவிடலாமா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் எஞ்சின்வரை மூழ்கின. அப்படி நின்ற வண்டியைக் கழுவுவது இருக்கட்டும், ஸ்டார்ட் செய்தே பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்சூரன்ஸில் எஞ்சின் புரொடெக்‌ஷன் தனியாகச் சேர்க்காதவர்களுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் கைக்காசாகவே போகும். போட்டோ எடுத்து வைத்து, இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். எஞ்சின் பளபளவென்று இருந்தால் நல்லதுதானே?

பத்து வயது வண்டியின் எஞ்சின் மட்டும் புதுசு போல் மின்னினால் கொஞ்சம் உஷாராக இருங்கள், கசிவை மறைக்கக் கழுவியிருக்கலாம். இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, பானட்டைத் திறந்து ஹெட் கவர் ஓரத்தையும் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: பூஜைக்கு எஞ்சினில் சந்தனம் குங்குமம் வைக்கலாமா?

தாராளமாக. பெயின்ட் அடித்த தகரத்திலோ பிளாஸ்டிக் கவரிலோ வையுங்கள், பேட்டரி முனையிலும் ஃபியூஸ் பாக்ஸிலும் வேண்டாம். பானட்டைத் திறந்துவைத்துக் கற்பூரம் காட்டாதீர்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அன்று காலைதான் கெமிக்கல் போட்டுக் கழுவியிருப்பீர்கள். பானட்டை மூடிவிட்டு வண்டிக்கு முன்னால் நின்று காட்டலாம்.

கேள்வி: எனக்கு நேரமில்லை, கடையில்தான் கொடுப்பேன். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

வண்டியை விடும்போதே “எஞ்சினுக்கு பிரஷர் வேண்டாம், டீசல் வேண்டாம், துணியும் பிரஷும் போதும்” என்று வேலை செய்கிற தம்பியிடம் நேராகச் சொல்லுங்கள், கல்லாவில் சொன்னால் அது அவரிடம் போய்ச் சேராது. எஞ்சின் ஆறிய பிறகே ஆரம்பிக்கச் சொல்லி, முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். எடுக்கும்போது பானட்டைத் திறந்து ஆயில் மூடி, டிப்ஸ்டிக், பேட்டரி டெர்மினல் மூன்றையும் தொட்டுப் பார்த்து, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள், மறுநாள் காலையில் அதில் சொட்டு ஏதாவது இருந்தால் அது எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டலாம்.